நாய்க்கும் பருந்துக்கும் சாதி வைத்தவர்கள்

எங்கள் தெருவில் நாய் இல்லாத வீடு அபூர்வம். செஞ்சி மலைகளைப் பார்த்தபடி இருக்கிற ஊர். ஏரிக்கரையைத் தாண்டினால் வேலிகாத்தான், அதற்கப்பால் காப்புக்காடு. விறகுக்குப் போகிற பெண்கள் நாயைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். புதரில் பாம்பு கிடந்தால் முதலில் குரைப்பது அது. கூட வர ஆள் இல்லாத நாளில் துணையும் அதுதான்.

அந்த நாயிலும் சாதி இருந்தது. "ஊர்த்தெரு நாயி நம்ம தெருவுக்கு வரலாம், போலாம். நம்ம நாயி அங்க போனா கல்லடிதான்" என்று ஆயா சொல்லும். தென்மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாயே வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஊர்க்காரர் வீட்டுப் பெட்டை நாயோடு சேர்ந்துவிடுமாம்! மனுவோ பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளருக்குச் சொத்து நாயும் கழுதையும்தான் என்று எழுதிவைத்தான். ஒருவன் நாய்தான் உன் சொத்து என்கிறான், இன்னொருவன் அதிலும் ஆண் நாய் கூடாது என்கிறான்.

பங்குனி பிறந்தால் எங்கள் காடு வேறு காடு. இலை உதிர்ந்த புரச மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்து நிற்கும். புங்கன் தளிர் வெயிலில் மினுங்கும். இலுப்பைப் பூ விடியுமுன் கொட்டிக் கிடக்கும், ராத்திரி வௌவால் தின்றது போக மிச்சம். அந்த மாதத்தில் நாயை அவிழ்த்துவிட்டுக்கொண்டு காட்டுக்குள் போக எங்கள் தாத்தா விடமாட்டார். "ஆள்காட்டி முட்ட வைக்கிற காலம்டா. கயிறப் புடி. காலு வைக்கிற எடத்தப் பாத்து வையி" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆள்காட்டி கூடு கட்டாது, வெறுந்தரையில் கூழாங்கல்லோடு கல்லாக நாலு முட்டை வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் நாயை விட்டு முயல் பிடித்தவர்தான் அவரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நாயை விட்டுத் துரத்துவதும் வேட்டையில் சேர்ந்துவிட்டது. ஆனால் முட்டைக் காலத்தில் நாயைக் கட்டுவது அதற்கு முன்பிருந்தே எங்கள் தெருவில் இருந்த வழக்கம்.

இந்த வருஷப் பங்குனியிலும் மணியையும் செவலையையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு விடியற்காலையில் காட்டோரமாகப் போனேன். ஆள்காட்டி ஜோடி தலைக்கு மேல் வந்து வந்து கத்தியது. நான் விலகி ஓடை வழியாக இறங்கினேன். களாப்புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்தது. மணி இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஆனாலும் விடவில்லை. முயல் மேட்டில் ஏறி, ஒருதரம் நின்று, காதைத் திருப்பி, போய்விட்டது.

ஓடைக்கு அந்தப் பக்கம் பட்டணத்திலிருந்து பறவை பார்க்க வந்தவர்கள் நாலைந்து பேர். கழுத்தில் பைனாகுலர். அதில் பெரியவர் ஒருவர் மணியைத் தடவிக்கொடுத்தார்.

"நல்லா இருக்கே. பறையா டாக் தானே?"

"பேரு மணிங்க" என்றேன்.

"பேரில்ல தம்பி, பிரீட் கேட்டேன்."

ஏரிப்பக்கமிருந்து ஒரு செம்பருந்து வந்தது. "அதோ பிராமினி கைட்!" என்று அவரே காட்டினார். அதற்கும் மேலே ஒரு கரும்பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. "பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் அதுக்குப் பேரு பறையா கைட்டுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது வெறும் பேருதானே தம்பி" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை அவர். நாயைத் தொட்டார், என்னோடு டீயும் பகிர்ந்துகொண்டார். ஆனால் அது வெறும் பேர் இல்லை. வெள்ளைத் தலையும் செம்பட்டை உடம்பும் உள்ள பருந்தைப் பிராமணன் ஆக்கினார்கள். கறுத்த பருந்தைப் பறையன் ஆக்கினார்கள். செத்த மீனைக் கண்டால் செம்பருந்தும்தான் இறங்கித் தின்னும். அதைக் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். செத்ததைத் தின்றதற்காக நம்மை மட்டும் ஊருக்கு வெளியே வைத்தார்கள். வெள்ளைக்காரன் இந்த ஏற்பாட்டை இங்கே கண்டான், அப்படியே ஆகாயத்துக்கும் ஏற்றிவிட்டான். பறை அடித்தவர்களின் பேர் இங்கிலீஷ் அகராதியில் 'விலக்கப்பட்டவன்' என்று பொருள்பட்டது. இன்றைக்கும் உலகம் ஒதுக்கிவைத்த நாட்டைப் பத்திரிகைகள் அந்தச் சொல்லால்தான் எழுதுகின்றன. பூனை நாயைவிடக் கேவலமாக எங்களை நடத்துகிற மண்ணை எப்படி என் மண் என்பேன் என்று 1931இல் அம்பேத்கர் காந்தியிடம் கேட்டார். அந்த நாய்க்கே நம் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது வாட்சர் ஒருவர் மறித்தார். எந்தத் தெரு, எதுக்கு நாய், கையில் என்ன. பட்டணத்தாரை எந்தத் தெரு என்று கேட்டதாகத் தெரியவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி அல்லாதவர் உரிமை கேட்டால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டில் வாழ்ந்து காட்டை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். காட்டுக்கு வெளியே சேரியில் குடியிருந்து, காட்டில் விறகு பொறுக்கியவளுக்கு எந்தக் காகிதம் இருக்கும்?

நாயைக் கட்டச் சொன்னால் கட்டுகிறோம். அது நியாயம். அவிழ்த்துவிட்ட நாய் முட்டையை மிதிக்கும், மான்குட்டியைக் கடிக்கும், வெறிநோயை நரிக்குக் கொடுக்கும். இதைத் தாத்தாவே சொன்னார். காட்டைக் காக்கிற அறிவு எங்கள் தெருவிலும் இருந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நம் வழக்கு.

கரும்பருந்தின் பேரை இப்போது பறவைப் புத்தகங்களில் மாற்றிவிட்டார்கள், நிறத்தை மட்டும் சொல்கிறார்கள். ஆகவே மாற்ற முடியும். நாயின் பேரை இன்னும் பலர் விடவில்லை. காட்டுக்கும் ஏரிக்கும் போகிற நம் மாணவர்கள், ஆயாக்கள் பறவைக்கும் செடிக்கும் சொல்லுகிற பேர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். நாயின் இனத்தை யாராவது கேட்டால் நாட்டுநாய் என்று சொல்லுங்கள்.