எஞ்சினுக்குக் காற்று அளத்தல்

டீசல் எஞ்சினுக்கு உணவு யாது என்று வகுப்பில் வினவினால், "டீசல்" என்றே மாணவர் பலரும் விடை பகர்வர். விடை பிழையன்று, ஆயினும் அது பாதி விடையே. ஓர் இறாத்தல் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறையப் பதினான்கரை இறாத்தல் காற்று வேண்டும். புகையின்றிச் செவ்வனே எரிய வேண்டுமாயின், நடைமுறையில் இருபது இறாத்தலும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். எண்ணெயைப் பம்பியின் துணையால் உருளைக்குள் வேண்டிய மட்டும் செலுத்திவிடலாம். அதனை எரிக்கும் காற்றை உள்ளே சேர்ப்பதுதான் அரிய காரியம். காற்றைக் காணாத எண்ணெய் வலுவாக மாறாது, கரும்புகையாகவே வெளியேறும்.

இவ்வுண்மையை நாம் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்துள்ளோம். எனினும், அதனை ஒரு குடும்பத்தின் வரவு செலவோடு சேர்த்துக் காணும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான் எமக்குக் கிட்டியது. எமது தமக்கையாரின் மகன் ஐக்கிய அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலே தொழில் பார்க்கின்றான். அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். அயல்வீட்டவர் ஒரு கமக்காரர். அவருக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகன். அவர்களுடைய கொட்டிலில், ஆறு உருளைகளும் 5.9 லீற்றர் கொள்ளளவும் உடைய கமின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய பழைய டொட்ஜ் வண்டி ஒன்று நின்றது. அவ்வகை எஞ்சின் 1989ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் முதன்முதல் வந்தபோது அதன் வலு 160 பரிவலு மாத்திரமே. அந்த இளைஞனோ அதனிடம் ஆயிரம் பரிவலு எதிர்பார்த்தான். இழுவைப் போட்டிக்காக!

இழுவைப் போட்டி என்பது நம் நாட்டு வாசகர்க்குப் புதிதாகத் தோன்றலாம். குதிரைகளைப் பூட்டிப் பாரம் இழுப்பித்து மகிழ்ந்த கமக்காரர்கள், உழவு இயந்திரம் வந்ததும் அதனையே களத்தில் இறக்கினர். 1929ஆம் ஆண்டில் மிசூரி, ஒஹையோ மாநிலங்களில் இத்தகைய போட்டிகள் நடந்தன என்பர். 1969இல் இதற்கெனத் தேசிய சங்கம் ஒன்றும் தோன்றியது. பிற்காலத்தில் பாரவண்டிகளும் சேர்ந்துகொண்டன. போட்டியின் சூட்சுமம் பின்னால் கட்டப்படும் சறுக்கு வண்டியிலே இருக்கின்றது. அதன் மேலுள்ள பாரப்பெட்டி, வண்டி நகர நகரத் தானும் முன்னோக்கி நகரும். தொடக்கத்தில் சில்லுகளின் மேலிருந்த பாரம், போகப்போக மண்ணில் உராயும் தட்டின் மேல் ஏறும். எனவே ஓடும் ஒவ்வோர் அடிக்கும் சுமை வளரும். முந்நூறு அடியைக் கடந்தால் அது முழு இழுவை. பெரும்பாலான வண்டிகள் அதற்கு முன்னரே மூச்சடைத்து நின்றுவிடும்.

மூச்சு என்று நாம் கூறுவது வெறும் உவமையன்று. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி என்பவர் 1905ஆம் ஆண்டிலே ஓர் உரிமைக்காப்புப் பெற்றார். எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் புதுக்காற்றை அமுக்கி உருளைக்குள் செலுத்தலாம் என்பதே அவர் கருத்து. அதுவே இன்று டேர்போசார்ஜர் எனப்படுகின்றது. வீணே போகும் புகையைக் கொண்டே மேலும் உணவு ஊட்டும் இந்த உபாயத்தை எண்ணி வியவாதார் யார்?

வியப்பு ஒருபுறமிருக்க, எதனை வாங்குவது என்பதில் அவ்வீட்டில் ஒரு பிணக்கு மூண்டிருந்தது. மகன், எல்லையற்ற வகுப்பிலே போட்டியிட விரும்பினான். அதற்கு இரண்டு டேர்போக்கள் வேண்டுமென்றான். தந்தையோ, 2.6 அங்குல வாயுடைய ஒற்றை டேர்போ வகுப்பே போதும் என்றார். கையிலிருந்த பணம், மகன் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்வதற்கென வைத்திருந்த பணம். "கல்லூரி அடுத்த ஆண்டும் இருக்கும்" என்று மகன் சொல்ல, தந்தை பேசாது எழுந்து போய்விட்டாராம். எமது மருமகன் வந்து, "மாமா, நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஒருமுறை வந்து கணக்கைப் பாருங்கள்" என்றான்.

பிறர் வீட்டுப் பிணக்கில் உபதேசம் செய்ய நாம் செல்லவில்லை. கணக்குப் பார்க்க மாத்திரமே சென்றோம். பென்சிலையும் தாளையும் அந்த இளைஞன் கையிலேயே கொடுத்தோம்.

ஒரு பரிவலுவுக்கு மணிக்கு 0.38 இறாத்தல் டீசல் என்று கொள்ளலாம். ஆயிரம் பரிவலுவுக்கு மணிக்கு 380 இறாத்தல். அதாவது நிமிடத்துக்கு ஆறேகால் இறாத்தலுக்குச் சற்று மேல். அதனைப்போல் இருபது மடங்கு காற்று என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 127 இறாத்தல். நாலடிப்பு எஞ்சின் இரு சுற்றுக்கு ஒருமுறையே மூச்சிழுக்கும். ஆகவே 5.9 லீற்றர் எஞ்சின், நிமிடத்துக்கு 3,000 சுற்றில், தானாக உறிஞ்சக்கூடியது ஏறக்குறைய 23 இறாத்தல் மாத்திரமே. எனவே காற்றின் அடர்த்தியை ஐந்தரை மடங்காக்க வேண்டும். சுற்றை 4,500 ஆக உயர்த்தினால் மூன்றரை மடங்குக்குச் சற்று மேல் போதும். இழுவைக்காரர் எஞ்சினை வேகமாகச் சுழற்ற விரும்புவதன் காரணம் இதுவே.

அமுக்கத்தை ஐந்தரை மடங்காக்கினால் அடர்த்தியும் ஐந்தரை மடங்காகிவிடாது. அமுக்கப்படும் காற்று சூடேறும், சூடேறியது விரியும். இருபத்தேழு பாகை வெப்பநிலையிலுள்ள காற்றை நான்கு மடங்கு அமுக்கினால், நல்ல டேர்போவிலும் அது இருநூறு பாகையைத் தாண்டும். அதனாலன்றோ சிலர் பனிக்கட்டி நீரால் அக்காற்றைக் குளிர்விக்கின்றனர்! மேலும், நான்கு மடங்கைக் கடந்தபின் ஒற்றைச் சக்கரத்தின் திறன் பொதுவாகக் குன்றும். ஒரு பெரிய டேர்போ அமுக்கிய காற்றை மற்றொரு சிறிய டேர்போ மீண்டும் அமுக்கினால், இரண்டு தசம் ஆறும் இரண்டு தசம் ஆறும் பெருகிக் கிட்டத்தட்ட ஆறேமுக்கால் ஆகிவிடும். இளைஞன் இரண்டு வேண்டுமென்றது அறியாமையன்று.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. காற்று கூடினால் எண்ணெயும் கூடவேண்டும். ஆதலால் பெரிய பம்பியும் பெரிய இன்ஜெக்டர்களும் வேண்டும். அமுக்கம் கூடினால் உருளைத் தலையை இறுக்கும் ஆணிகளும், இணைப்புத் தண்டுகளும், முசலங்களும் அதனைத் தாங்கவேண்டும். டேர்போவின் விலை டேர்போவோடு முடிவதன்று. ஒவ்வொன்றின் விலையையும் அவனே எழுதிக் கூட்டினான். கூட்டிய தொகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவனே தந்தையிடம் சென்று, 2.6 அங்குல வகுப்பிலே நிற்பதாகக் கூறினான்.

அந்த 2.6 அங்குலம் என்பது காற்று உட்புகும் வாயின் விட்டம். வாய் குறுகினால், காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் ஓட்டம் தடைப்பட்டு நிற்கும். எனவே வாயைக் கட்டுப்படுத்துவதன் மூலம் வலுவையே கட்டுப்படுத்துகின்றனர். 2.6 அங்குலத்தை 3 அங்குலமாக்கினால் வாயின் பரப்பு மூன்றிலொரு பங்கு கூடும், 3.6 ஆக்கினால் ஏறக்குறைய இரு மடங்காகும்.

வாய் முடிவாயிற்று, ஆனால் புகைப் பக்கத்துச் சுழலியின் கூடு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? சிறிய கூடு விரைவில் சுழன்றெழும். ஆனால் உயர்ந்த சுற்றில் புகையை வெளியேறவிடாது நெரிக்கும். பெரிய கூடு தாராளமாக மூச்சுவிடும்; ஆனால் விழித்தெழத் தாமதிக்கும். வண்டியை உருளைகளின் மேல் ஓட்டி வலுவை அளக்கும் பொறி ஒன்று அயலூர் வேலைத்தளத்தில் இருந்தது. தந்தையும் மகனும் இரவல் வாங்கிய கூடுகளை மாற்றி மாற்றிப் பூட்டி அங்கே அளந்தனர். சிறிய கூட்டில், சுழலிக்கு முன்னுள்ள புகையமுக்கம் உட்செல்லும் காற்றமுக்கத்தின் இரு மடங்கை நெருங்கியது. பெரிய கூட்டில் இரண்டும் ஏறக்குறையச் சமமாயின. உச்ச வலுவும் அதிலேதான் கூடுதலாக இருந்தது. மகன் அதையே தெரிந்தான்.

அப்போது தந்தை, வரைபின் இடப்பக்கத்தில் விரலை வைத்தார். "இருநூற்றைம்பதாம் அடியில் சறுக்கு வண்டி உன் எஞ்சினை இங்கே இழுத்து வந்துவிடும்" என்றார். அவர் காட்டிய இடம் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. அங்கே பெரிய கூட்டின் கோடு சரிந்து கிடந்தது. உச்சத்தில் எவ்வளவு என்பதன்று கேள்வி. சுமை மிகும் இடத்தில் எவ்வளவு என்பதே கேள்வி. இருவரும் நடுத்தரக் கூட்டையே தெரிந்தனர். டேர்போவைச் சுற்றி உருக்குக் கவசமும், ஆபத்து நேர்ந்தால் காற்றையே அடைத்து எஞ்சினை நிறுத்தும் கதவும் பூட்டப்பட்டன. எண்ணிறந்த வேகத்தில் சுழலும் சக்கரம் உடைந்து சிதறினால் உயிர்ச்சேதம் நேருமாதலின், அவ்விரண்டிலும் தந்தை ஒரு சதத்தையும் மிச்சம் பிடிக்கவில்லை.

மாத இறுதியில் அவ்வூர்ச் சந்தை விழாவிலே வண்டி இழுத்தது. சங்கிலி விறைத்தது, எஞ்சின் ஓலமிட்டது, செம்மண் பறந்தது. வண்டி 291 அடியில் நின்றது. முழு இழுவைக்கு ஒன்பது அடி குறைவு, நான்காம் இடம். தந்தை மைதானத்துக்குள் ஓடிச்சென்று வண்டியின் கதவைத் திறந்ததைக் கண்டோம். அவர்கள் என்ன பேசினர் என்பது அந்த ஆரவாரத்தில் எமக்குக் கேட்கவில்லை. செப்ரெம்பரிலே மகன் கல்லூரியிற் சேர்ந்தான் என்று மருமகன் எழுதியிருந்தான்.

மாணவர்களே, பெரியது எதுவென்று தேடுவது எளிது. பொருந்துவது எதுவென்று அறிவதற்கே கல்வி வேண்டும். நம் ஆற்றல் எந்த உச்சத்தைத் தொட்டது என்று கணக்கிடுவதிலே நாம் பெருமிதம் கொள்கின்றோம். வாழ்க்கையின் பாரமோ தொடக்கத்தில் அன்று, போகப்போகத்தான் ஏறுகின்றது. இறுதி ஐம்பது அடிக்கு எம்மிடம் எவ்வளவு மூச்சு எஞ்சியிருக்கும் என்பதையும் முன்னரே அளந்து வைத்தல் நன்று.