மச்சறைக்கு என்ன வண்ணம்?

புதுக்கோட்டை மாவட்டத்துப் பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றில், சாய்கூரையின் கீழே மச்சறை உண்டு. எங்கள் மச்சறையைப் படிப்பறையாக்க முனைந்தபோது, மகள் விரும்பியது கரும்பச்சை.

ஒற்றைச் சன்னலுள்ள அறையில் அடர்நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடும். சுவருக்கு ஒரு நிறம், சாய்வுக்கு வேறு நிறம் எனப் பூசினாலோ, இரண்டும் கூடும் கோடு கூரையின் தாழ்வையே எடுத்துக்காட்டும். ஆகவே இரண்டுக்கும் ஒரே வெண்மை பூசினோம். அவள் விரும்பிய பச்சை கதவுக்கு வாய்த்தது.

ஆயினும் சித்திரை வெப்பத்தை உட்பூச்சு தடுக்காது. ஓட்டின் மேற்புறத்தை வெள்ளையடித்தால்தான் வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் செல்லும். அகமதாபாத் நகரில் 2017இல் எளியோர் வீட்டுக் கூரைகளை வெள்ளையடித்ததும் இதன் பொருட்டே.

வீட்டில் எஞ்சிய இடத்தையே பெண்மக்களின் படிப்புக்கு ஒதுக்குகிறோம். வெளிச்சத்தையும் குளிர்ச்சியையுமேனும் குறைவின்றி வழங்குவோமாக!