முப்பதுக்கு எத்தனை?

“இப்போது என்ன பருவகாலம்?”

டிமென்ஷியா, அதாவது முதுமை மறதிநோய், இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு சோதனையில் இந்தக் கேள்வி வரும். எம்.எம்.எஸ்.இ. என்பார்கள். 1975இல் அமெரிக்காவில் வந்தது, மொத்தம் 30 புள்ளி. வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று வருஷத்தைப் பிரித்து வாழ்கிறவர்களுக்கான கேள்வி. மாத்தளையில், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்தெடுத்த எங்கள் அம்மாயி “மழக்காலந்தான், வேற என்னா” என்றார். அதற்குப் புள்ளி போடுவதா, விடுவதா?

மற்றக் கேள்விகளும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவர்களுக்குத்தான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கணும். ஒரு வசனத்தை வாசித்து அதன்படி செய்யணும். சொந்தமாக ஒரு வசனம் எழுதணும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையணும். அம்மாயி பென்சில் பிடித்ததே இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில். அதற்குள் அவர் கூடை தூக்கிவிட்டார்.

போன வருஷம் ஒரு கிளினிக்கில் இதையெல்லாம் சிங்களத்தில் கேட்டார்கள். பக்கத்தில் நின்று நாங்கள் தமிழில் சொன்னோம். புள்ளி நன்றாகவே குறைந்தது. “படிக்காத ஆள்தானே, வயசும் போயிருச்சு, இது நோர்மல்” என்று அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது அங்கேதான். புள்ளி குறைந்தது படிப்பு இல்லாததாலா, நோயாலா என்று பிரித்துக் காட்டாத ஒரு சோதனையை வைத்து, நோய் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஏனென்றால் வீட்டில் நடந்தது வேறு. கடைக்கடனை எல்லாம் மனசிலேயே வைத்திருந்தவர் அம்மாயி. எந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளையையே மடக்கியவர். அவர் ஒருநாள் லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்குப் போகும் குறுக்கில், நடுவழியில் நின்றுவிட்டார். முன்னாலும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. விடியுமுன் இருட்டில் நாற்பது வருஷம் நடந்த பாதை அது. அதைப் பற்றி முப்பது புள்ளியில் ஒரு கேள்வியும் இல்லை.

நாங்கள் கலைப்பீடத்துக்காரர்கள், மூளை எங்கள் பாடமில்லை. ஆனாலும் தேடி வாசித்தோம். மூளையில் நினைவுக்கென்று ஒரு தனிப் பெட்டி கிடையாதாம். தூரந்தூரமாக இருக்கும் பகுதிகள் சேர்ந்து இயங்கும் வலைப்பின்னல்கள்தான் இருக்கின்றன. அதில் ஒன்று டிஃபோல்ட் மோட் நெட்வேர்க். 2001இல் மார்கஸ் ரெய்க்லின் குழு எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. நாம் சும்மா உட்கார்ந்து பழசை நினைக்கும்போதும், நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போதும் வேலை செய்வது இதுதான்.

வயசாக ஆக எல்லாருக்கும் இந்த வலையின் நெற்றிப்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலான தொடர்பு தளர்கிறது. தனித்தனியாக இருந்த வலைகளும் கொஞ்சம் கலந்துபோகின்றன. மழைக்குக் குறுக்கு சரிந்தால் பெரிய ரோட்டால் சுற்றிப் போவோமே, அப்படி. ஒருவரின் பெயர் ஞாபகத்துக்கு வரப் பிந்தும், ஆனால் வரும். அல்சைமர் நோயில் பாதைகள் கூடும் சந்திகளே சரிகின்றன. அமிலோயிட் என்ற புரதம் அதிகம் படிவது இதே வலையின் பகுதிகளில்தான். புது நினைவைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸும் சீக்கிரமே பாதிக்கப்படுகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது போய்விடுகிறது, சின்ன வயசில் பார்த்த மாத்தளை முத்துமாரியம்மன் தேர் அப்படியே நிற்கிறது. கை பழகிய வேலைக்கு மூளையில் வேறு வழிகள் உண்டு, அது இன்னும் பிந்தித்தான் போகும். இன்றைக்கும் கீரை ஆய உட்கார்ந்தால் அம்மாயியின் விரல் கொழுந்து மாதிரித்தான் கிள்ளும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. 2024இல் லான்செட் குழு சொன்ன, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் சின்ன வயசில் படிப்புக் கிடைக்காததும் ஒன்று. படிப்பு மூளைக்குச் சுற்றுவழிகளைச் சேர்த்து வைக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் பள்ளிக்கூடம் போகாத தோட்டத்துப் பொம்பளைக்கு நோய் வரும் வாய்ப்பும் கூட, வந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் விடும் வாய்ப்பும் கூட.

மாற்ற முடியாத விஷயமில்லை இது. 1990களில் டில்லிக்குப் பக்கத்தில் பல்லப்கர் கிராமங்களில், எழுத்தறியாதவர்களுக்காக இதே சோதனையை ஹிந்தியில் திருத்தினார்கள். “கண்ணை மூடு” என்று எழுதிக் காட்டாமல், “நான் செய்வதைப் பார்த்துச் செய்” என்று சோதிப்பவர் தன் கண்ணை மூடினார். வசனம் எழுதுவதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். இலங்கையிலும் சிங்கள வடிவம் இருக்கிறது. 2003இல் வெளியான ராகமை ஆய்வு, 65 வயசுக்கு மேற்பட்டவர்களில் கிட்டத்தட்ட 4 வீதத்தினருக்கு டிமென்ஷியா என்றது. ராகமை வேறு, லயம் வேறு.

அடுத்த கிளினிக்குக்காக ஒரு சீ.ஆர். கொப்பி போட்டிருக்கிறோம். அம்மாயி முன்பு என்னென்ன செய்தார், இப்போது எதில் தடுமாறுகிறார் என்று வீட்டில் இருக்கிறவர்கள் மாறி மாறி எழுதுகிறோம். தைரொயிட் குறைந்தாலும், பி12 குறைந்தாலும், மனச்சோர்வாலும் இப்படி ஆகலாம், அதற்கெல்லாம் மருந்து உண்டு. அதனால் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம். காதையும் பார்க்கணும், மந்தம்.

கொப்பியில் கடைசியாக எழுதியது: “செவ்வாய், சீனி எங்க எங்கன்னு நாலு தரம் கேட்டாங்க. புதன், கடையில மிச்சக்காசு இருபது ரூபா கொறையுதுன்னாங்க. எண்ணிப் பார்த்தோம், கொறஞ்சுதான் இருந்துச்சு.”