வெள்ளிக் கயிறு

சம்பளம் போட்ட மறுநாட் காலை. பெரட்டு முடிந்து, நான் ஆபீசில் செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் அம்மாள் ஒருவர் வாசற்படியிலேயே நின்று, "கிராணி ஐயா, நீங்கள் சொன்னீர்கள் என்று என் மகன் நானூற்றைம்பது வெள்ளிக்கு ஒரு கயிறு வாங்கி வந்திருக்கிறான். அது என்ன கயிறு என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ கோபமாகக் கேட்கவில்லை. கிராணி சொல்லியிருந்தால் அதில் ஏதோ காரியம் இருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையோடு கேட்டார்.

அவர் கயிறு என்றது இயர்போனின் வயரை. காதில் செருகும் சிறு கருவிக்கும் கைத்தொலைபேசிக்கும் நடுவே தொங்குமே, அதுதான். முன்பெல்லாம் அந்த வயர் கருவியோடு ஒட்டியே வரும். வயர் அறுந்தால் கருவியையும் சேர்த்துக் குப்பையில் எறிய வேண்டியதே. இப்போது சற்று நல்ல இயர்போன்களில் அதைக் கழற்றி மாட்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழற்றலாம் என்ற வசதி பிறந்த அன்றே, கழற்றிவிட்டு உயர்ந்ததொன்றை மாட்டு என்ற வியாபாரமும் கூடப் பிறந்துவிட்டது. நமக்கு அடுத்த வீடாகிய சிங்கப்பூரிலேயே எஃபெக்ட் ஆடியோ போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே இருக்கின்றன. செம்பு, வெள்ளி, பொன் கலந்த வெள்ளி என்று பின்னலிட்ட வயர்கள். விலை சில நூறு முதல் பல ஆயிரம் வரை. வயரே இல்லாத இயர்போன்கள் மலிந்துவிட்ட இந்நாளிலும் இவ்வியாபாரம் குன்றவில்லை.

நான் வாங்கியது வேறொரு கடையில். அதுவும் நானூற்றைம்பது வெள்ளிதான். நம் நாட்டில் பணத்துக்கும் வெள்ளி, உலோகத்துக்கும் வெள்ளி என்று ஒரே பெயர் இருப்பது இந்த விஷயத்தில் மிகவும் பொருத்தமாகவே அமைந்தது.

எப்படி வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு, கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திலேயே கற்பிப்பது என்று அரசாங்கம் தொடங்கியபோது முதற் படிவத்தில் சேர்ந்தவன் நான். மின்சாரத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் ஆங்கிலத்தில் அறிந்ததே. அதனால் ஆங்கிலத்தில் அச்சாகி வரும் எதுவும் சாஸ்திரம் என்றொரு மயக்கம் என்னிடம் வேரூன்றிவிட்டது. தோட்டத்தில் தபால் வந்தாலும், வங்கிக் கடிதம் வந்தாலும், மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய தாள் என்றாலும், படித்துச் சொல்லும் உத்தியோகம் என்னுடையது. வயர்களைப் பற்றி வல்லுநர் எழுதிய மதிப்புரைகளையும் அந்தப் பழக்கத்தாலேயே படித்தேன். திரை விலகியதுபோல் இருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். வாத்தியங்களுக்கு நடுவே காற்றுப் புகுந்தது என்றார் இன்னொருவர். ஒருவராவது ஓர் எண்ணைக் குறிப்பிடவில்லை. எண்களிலேயே நாள் முழுதும் கிடந்து உழலும் ஒரு கிராணிக்கு அந்தக் குறை கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

வயர் வந்தது. நூறு மணி நேரம் அதன் வழியே பாட்டு ஓடவிட்டால்தான் அது பக்குவப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். அப்படியே செய்தேன்! இரவெல்லாம் யாரும் கேளாத பாட்டு என் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு காதில் செருகிக்கொண்டு, 1944இல் வந்த ஹரிதாஸ் படத்துப் பாகவதர் பாட்டைக் கேட்டேன். குரலின் ஓரத்தில் ஒரு பளபளப்பு இருந்தது. பொய் சொல்லவில்லை, நண்பர்களே, உண்மையாகவே இருந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளில் உச்ச ஒலிகள் பெரும்பாலும் பதிவாகவே இல்லை. இல்லாததை வெள்ளிக் கம்பி எங்கிருந்து கொண்டுவரும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்த நாளே, செம்போங் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். என்னைப் பார்த்துத்தான் அதே இயர்போனை அவனும் வாங்கியிருந்தான். "தெரிகிறதா, தம்பி?" என்றேன். சற்று நேரம் கழித்து, "தெரிகிறது ஐயா" என்றான். "வாங்கலாமா?" என்று கேட்டான். "வாங்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லின் விலை என்ன? 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதைவிடச் சிறிதே கூடுதலாக வாங்குபவன் அவன். மாதச் சம்பளத்தில் கால் பங்கு என்னுடைய ஒரு வார்த்தையில் போயிற்று.

இதைவிட எனக்கு வெட்கமான சங்கதி ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கிருந்தோ ஒருவன் வந்து, லயத்து வீடுகளில் செப்புத் தகடு விற்றான். கோடு கிழித்து மந்திரித்த தகடு. ஒன்று நூற்றைம்பது வெள்ளி. வெள்ளிக் குப்பியில் அடைத்துத் தந்தால் இருநூறு. என் தாயாரும் ஒன்று வாங்கிவிட்டார். நான் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி, "செம்பில் கோடு கிழித்தால் நோய் தீருமா? தீர்ந்ததென்று சொல்பவரிடம், எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர் என்று கேளுங்கள்" என்று அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். அப்படிப் பேசியவன்தான் செம்பின்மேல் வெள்ளி பூசிய கம்பிக்கு நானூற்றைம்பது கொடுத்து, நூறு மணி நேர விரதமும் காத்தவன்.

அம்மாள் வந்து கேட்ட அன்று மாலை, பட்டறையில் வயர்மேனிடம் மீட்டரை இரவல் வாங்கினேன். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே அது சிறிது தடை காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்ததில் பழைய வயருக்கு 0.5 ஓம், புதியதற்கு 0.2 ஓம். புதியது மேல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எதனோடு சேர்த்துப் பார்க்கும்போது மேல்? என் இயர்போனின் தடை 32 ஓம். ஜெர்மானியராகிய ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி கணக்குப் போட்டால், மின்னழுத்தத்தில் நூற்றுக்கு 98.5 பங்கு பழைய வயர் வழியாகக் காதுக் கருவிக்குப் போய்ச் சேர்கிறது. புதிய வயர் வழியாக 99.4 பங்கு. வித்தியாசம் ஒரு பங்குகூட இல்லை. ஒலி அளவில் சொன்னால் 0.08 டெசிபெல். சாதாரணமாகக் காது கண்டுகொள்ளும் மாற்றம் ஏறக்குறைய 1 டெசிபெல். தொலைபேசியில் ஒலியைக் கூட்டும் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் உண்டாகும் மாற்றம் இதைப்போலப் பல மடங்கு. வெள்ளி எல்லா உலோகங்களிலும் எளிதாக மின்சாரத்தைச் செலுத்துவது என்பது மெய்யே. ஆனால் செம்பைவிட அது நூற்றுக்கு ஆறு பங்குதான் மேல். செம்புக் கம்பியை ஒரு மயிரளவு தடிப்பாக்கினால் அந்த ஆறும் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கு எனக்குப் பதினேழு வயதிலேயே தெரியும். ஆங்கிலத்தில் ஒப்பித்துத் தேறியிருக்கிறேன்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். சில விலையுயர்ந்த இயர்போன்களில் ஒரு காதுக்கே நான்கைந்து நுண்ணிய ஒலிப்பான்கள் இருக்கும். அவற்றில் ஒரு சுரத்துக்கு 30 ஓம், வேறொரு சுரத்துக்கு 5 ஓம் என்று தடை ஏறியிறங்கும். ஐந்து ஓம் இருக்குமிடத்தில் வயரின் 0.3 ஓம் வேறுபாடு அரை டெசிபெல் வரை ஒலியை மாற்றும். கூர்ந்த காதுக்கு அது தட்டுப்படக் கூடும். ஆயினும் மாறியது என்பது வேறு, மேலாயிற்று என்பது வேறு. கால் வெள்ளி மதிப்புள்ள ஒரு தடையைக் கோத்தாலும் அதே மாற்றத்தை உண்டாக்கலாம். எங்கள் இருவரிடமும் இருந்தது அந்த இனமும் அன்று.

கணக்கு சொன்ன பின்னும் காது கேட்கவில்லை. அன்றிரவும் அந்தப் பளபளப்பு இருந்தது! கணக்குக்கும் காதுக்கும் வழக்கு என்றால் பரீட்சைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு டாக்டர் ஆபிரகாம் கோவூரைத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாதபடி அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு இலங்கைப் பணம் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை வென்றவர் எவருமில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்பவரும் அவ்வாறே பத்து லட்சம் டாலர் வைத்திருந்தார். அவர் 2007இல் அதை வயரின் மேலேயே திருப்பினார். 7,250 டாலர் விலை சொன்ன ஒலிபெருக்கி வயர் ஒன்றை, சாதாரண வயரிலிருந்து, எது எதுவென்று பாராமல் காதால் மட்டும் பிரித்தறிபவருக்கு அப்பணம் என்றார். முன்வந்தவரும் உண்டு, ஆனால் வயர்க்காரர் பின்வாங்கிவிட, பரீட்சை நடைபெறாமலே போயிற்று.

எங்கள் வீட்டுப் பரீட்சை நடந்தது. என் துணைவி இருபது காசு நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் புதியது, தலை விழுந்தால் பழையது என்று மாட்டுவாள். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் தடவையிலேயே ஓர் இடைஞ்சல்: பின்னல் வயரின் கனம் காது மடலிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு வயர்களுக்கும் ஒரே விதமாகத் துணி சுற்றி, அவளே என் காதில் செருகினாள். ஒரே பாட்டு, ஒரே ஒலி அளவு, இருபது தடவை. "இது வெள்ளி!" என்று முழு நம்பிக்கையோடு நான் கூவியது பல தடவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்துச் சரியாக வரும். பதினைந்து வந்தால்தான் ஏதோ இருக்கிறது என்று கருதலாம். எனக்கு ஒன்பது வந்தது. அவள் சிரிக்கவில்லை. "அந்தத் தம்பியிடம் எப்பொழுது சொல்லப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மாலையே போனேன். தாயும் மகனும் வாசலில் இருந்தார்கள். தாளில் எழுதிய இருபது விடைகளையும் காட்டி, "தம்பி, நான் சொன்னது தவறு. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிவதாக நினைத்துக்கொண்டேன்" என்றேன். அவன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை ஐயா. நீங்கள் தெரிகிறது என்றீர்கள். என் காதில்தான் குறை என்று நினைத்துவிட்டேன்" என்றான். கிளினிக்குக்குப் போய், அறுபது வெள்ளி கொடுத்துக் காதைக் காட்டிவிட்டும் வந்திருக்கிறான். காதில் அழுக்குக்கூட இல்லை என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அந்த அறுபது வெள்ளிதான் என்னைச் சுட்டது. வயருக்குக் கொடுத்ததையாவது ஆசைக்குக் கொடுத்தது என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். தனக்குக் கேளாததைக் கேளாது என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லாமற் போனது என் ஆங்கிலத்தால், என் மேசையால்.

அவன் வயரை முழு விலைக்கு நானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். அவன் மறுத்தான். "பாதியை வாங்கிக்கொள், பாதி உன் புத்திக்கு" என்று தாயார் தீர்த்து வைத்தார். கிளினிக் பணத்தை மட்டும் முழுவதும் கொடுத்தேன்.

பிறகு அவன் இயர்போனை வாங்கிப் பார்த்தேன். காதில் செருகும் ரப்பர் முனை அவன் காதுக்குச் சிறியது. ஓரத்தில் காற்றுப் புகுந்தது. அப்படிப் புகுந்தால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற கீழ் ஒலிகளெல்லாம் கசிந்து போய்விடும். ரெம்பாவ் பட்டணத்தில் ஐந்து வெள்ளிக்கு ஓரளவு பெரிய முனைகள் வாங்கி வந்து மாட்டினோம். போட்டவுடனே தலையை நிமிர்த்தினான். "தெரிகிறதா?" என்று நான் கேட்கவில்லை. அவனாகவே, "ஐயா, இது தெரிகிறது" என்றான். இதற்குக் கண்ணைக் கட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவனுடைய பழைய வயர் பெட்டியிலேயே கிடந்தது. செருகும் முனைக்கு அருகில் அது விட்டுவிட்டு வேலை செய்தது. வயர்கள் பெரும்பாலும் அவ்விடத்தில்தான் மடங்கி மடங்கி அறும். வயர்மேன் அதை வெட்டி, வேறு முனை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகளுக்கு வார்னிஷ் போன்ற பூச்சு உண்டு. அதைச் சுட்டுப் போக்கிய பின்னரே ஈயம் பிடிக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். திருத்த முடியாதபடி அறுந்திருந்தால் முப்பது, நாற்பது வெள்ளியில் சாதாரண வயர் ஒன்று வாங்குவது தகும். நம் வேர்வைக்கும் மழைக்கும் செம்பு பச்சை பூத்துப்போகும் ஊரில், வயர் கழன்று வருவதன் லாபம் அவ்வளவே.

சென்ற வாரம் மண்டோர் மகன் தொலைபேசியோடு ஆபீசுக்கு வந்தான். அறுநூறு வெள்ளி வயர் ஒன்றின் படம். கீழே ஆங்கிலத்தில் நீண்ட புகழுரை. "படித்துச் சொல்லுங்கள், ஐயா" என்றான். வரி விடாமல் தமிழில் சொன்னேன். பின்பு, "இப்போது உள்ள வயரில் பாட்டு வருகிறதா?" என்று கேட்டேன்.

"வருகிறது ஐயா" என்றான்.