பாலில் ஒரு ஸ்பூன்

குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில் நாட்டு மருந்துக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பூனைக்காலிப் பொடி கேட்டால், "நரம்புக்கு நல்லது சார், பால்ல ஒரு ஸ்பூன்" என்பார்கள். காயின் மேலிருக்கும் சுணை பட்டால் சொறிந்தே மாளாது. விதையில்தான் விஷயம்.

அதில் லெவோடோபா இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் மாத்திரையிலும் அதேதான். பூனைக்காலி விதையிலிருந்து 1937-ல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். மூளைக்குள் போனதும் லெவோடோபா டோபமைனாக மாறும். அந்த டோபமைனுக்கு மூளையில் என்ன வேலை என்று ஸ்வீடனில் கார்ல்சன் காட்டியது அதற்கு 20 வருஷம் கழித்து!

நரம்பு செல்கள் டோபமைனைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்து, வேண்டும்போது உடைத்துக் கொட்டுகின்றன. பி.காம். படித்தவனுக்கு உடனே தோன்றும் கேள்வி: பொட்டலத்துக்கு எவ்வளவு சரக்கு? எண்ணியே விட்டார்கள். தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழையை செல்லை ஒட்டி வைத்து, கொஞ்சம் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். இழையில் மோதும் ஒவ்வொரு டோபமைன் மூலக்கூறும் இரண்டு எலெக்ட்ரானைக் கொடுக்கும். பொட்டலம் உடைந்தால் கிராஃபில் ஒரு கூர்முனை எழும். அந்த மின்சாரத்தைக் கூட்டினால் சரக்கு தெரிந்துவிடும். 1998-ல் டேவிட் சுல்சர் குழு எலியின் செல்களில் போட்ட கணக்கு, பொட்டலத்துக்கு சுமார் 3,000 மூலக்கூறுகள். லெவோடோபா கொடுத்தால் பொட்டலத்தில் சரக்கு கூடுகிறது என்பதை 1996-லேயே பார்த்துவிட்டார்கள். 2018-ல் இன்னொரு படி மேலே. டோபமைன் ஒட்டியதும் பளிச்சென்று ஒளிரும் புரதங்கள் வந்தன. எலியின் மூளையில் எங்கே, எப்போது டோபமைன் சுரக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

அங்கே மூலக்கூறை எண்ணுகிறார்கள். இங்கே ஸ்பூன்!

தென்காசியில் என் சித்தப்பா, மாத்திரையோடு இந்தப் பொடியையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் எடை இருந்தது, விலை இருந்தது. லெவோடோபா எவ்வளவு என்று இல்லை. போதாததற்கு, மாத்திரையில் கார்பிடோபா என்று ஒரு துணை மருந்து உண்டு. லெவோடோபா வழியிலேயே வீணாகாமல் மூளைக்குப் போகச் செய்வது அதன் வேலை. மாத்திரையில் உள்ளது, பொடியில் உள்ளது என்று அது பேதம் பார்க்காது. சித்தப்பாவுக்குத் தோளும் கழுத்தும் தானாக நெளிய ஆரம்பித்தன. நோய் முற்றிவிட்டது என்று சித்தி அழுதாள். நல்லவேளை, டாக்டரிடம் போகும்போது பொடியையும் எடுத்துப் போனாள். அவர் பொடியை நிறுத்தி, மாத்திரை அளவைத் திருத்தினார். நெளிவு அடங்கியது.

"இத்தனை மாசமா ஏன் சொல்லலை?" என்று கேட்டாராம் டாக்டர்.

"மருந்து ஏதாச்சும் சாப்பிடுதீங்களான்னுதான கேட்டீங்க" என்றாராம் சித்தப்பா.