பைப்புக்கு ஒரு மோட்டார்

"எத்தனை இன்ச் பைப் சார்? பி.வி.சி.யா, ஜி.ஐ.யா?"

பாரிமுனைக் கடைக்காரர் கேட்டதில் தப்பே இல்லை. பைப்புக்குப் பாலிஷ் போட மெஷின் வேண்டும் என்று போய் நின்றால் வேறென்ன கேட்பார்? பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். தாத்தா புகை பிடித்த பைப். வால்பாறை எஸ்டேட்டில் அவர் கணக்கெழுதிய காலத்தில், சீமைக்குத் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போனது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் பிடிக்கிறதில்லை சார்" என்றேன், அவர் கேட்காமலேயே.

தாத்தா போனதிலிருந்து அது ஹால் ஷோகேஸில்தான் இருக்கிறது. புகையிலை போடும் கிண்ணம், ப்ரையர் என்ற மத்தியதரைக் கடலோரப் புதரின் வேர்முண்டு. சூட்டைத் தாங்கும். வாயில் வைக்கும் தண்டு வல்கனைட். ரப்பரோடு கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கியது. ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பட்டு, கறுகறுவென்று இருந்த தண்டு பாசி பிடித்தாற்போல் பச்சையும் பழுப்புமாகிவிட்டது.

"அவர் சாமான் இப்படி அழுகின மாதிரி கிடக்கேடா" என்றாள் பாட்டி. அந்தப் புகைதான் தாத்தாவைக் கொண்டுபோனது என்று இன்றைக்கும் திட்டுகிறவள்! அதனால்தான் தட்ட முடியவில்லை.

கடைக்காரர் காட்டிய பெஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 2,880 சுற்று. 6 அங்குலத் துணிச் சக்கரம் மாட்டினால் அதன் ஓரம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். பி.காம். படித்தவனுக்கு இந்தப் பெருக்கலாவது வரவேண்டாமா? அந்த வேகத்தில் ரப்பர் சூடேறிக் கருகும்.

எவர்சில்வர் பாலிஷ் பட்டறைக்குப் போனேன். "குடத்தையே பிடுங்கி எறியும் சார் இது. இத்துனூண்டு சாமானை வெச்சா எதிர் செவுத்துலதான் பொறுக்கணும். பாதி வேகத்து மோட்டார் பாருங்க. 1,440."

வீட்டில் என் பார்வை மிக்ஸி பக்கம் போனது. "தொட்டுப் பாருங்க!" என்றாள் மனைவி. அது அழைப்பு அல்ல என்பது கல்யாணமானவர்களுக்குப் புரியும்.

கடைசியில் அகப்பட்டது பரணில். டேபிள் டாப் வந்ததும் மேலே ஏற்றிய பாட்டியின் பெரிய கிரைண்டர். அரை ஹெச்.பி. மோட்டார். தகட்டைத் துடைத்துப் பார்த்தால், 1,440!

"இட்லிக்கு அரைச்ச மோட்டாருடா. அந்தச் சனியனுக்கா?" என்றாள் பாட்டி. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, கழட்டிக்கோ. கல்லை மட்டும் உடைச்சுடாதே."

லேத் பட்டறையில் ஷாஃப்ட்டுக்கு ஒரு கூம்புத் திருகு கடைந்து வாங்கினேன். வெட்டும் பசைக்கு ஒரு சக்கரம், மெழுகுக்கு இன்னொன்று. இரண்டையும் கலக்கக் கூடாது. மெழுகு, பிரேசில் நாட்டுப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா. சக்கரத்தின் முன்பக்கம் கீழ்நோக்கிச் சுற்றும்படி வைத்து, நடுமட்டத்துக்குக் கீழேதான் பைப்பைக் காட்டவேண்டும். பிடுங்கினாலும் தரையில்தான் விழும். தரையில் என் தலையணை. இரண்டு தடவை விழுந்தது.

அதற்கு முன்னால், தண்டில் இருந்த பள்ளங்களை எமரித் தாளால் தேய்த்துச் சமமாக்கவேண்டும். தேய்க்க உட்கார்ந்தபோது பாட்டி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அவர் பல்லு பட்ட தடம்டா. மேல் பல்லு ஒண்ணு கோணல் அவருக்கு. அங்கே மட்டும் ஆழமா இருக்கு பார்."

பார்த்தேன். இருந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்த்தேன்.

இப்போது பைப் கறுத்துப் பளபளவென்று, ஜன்னலுக்கு எட்டாத அலமாரியில் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றப் போனேன்.

"இருடா, என்ன அவசரம்? குத்துவிளக்கு நாலு கறுத்துக் கிடக்கு" என்றாள் பாட்டி.

மூன்றாவது சக்கரம் வாங்க மறுபடி பாரிமுனைக்குப் போகவேண்டும். இந்தத் தடவை பைப் என்று வாயைத் திறக்க மாட்டேன்.