மெக்ஸிகோ கடற்கரையில் மனை வாங்கலாமா?

அமெரிக்காவின் ஸான் டியேகோ நகரிலிருந்து எல்லையைத் தாண்டினால் மெக்ஸிகோவின் டிஹுவானா. அங்கிருந்து பசிபிக் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுமார் 100 கிலோமீட்டர் தெற்கே போனால் என்ஸனாடா. ஸான் டியேகோவில் இருக்கும் என் நாத்தனார் குடும்பத்தோடு இந்தப் பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்தேன்.

அழகைக் கேட்கவே வேண்டாம்! தெருவோரத்தில் 'சுரோ' பொரிக்கிறார்கள். மாவை நீளநீளமாகப் பிழிந்து, எண்ணெயில் பொரித்து, சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவித் தருகிறார்கள். குழந்தைகள் விடவே மாட்டார்கள். பக்கத்தில் பூன்டா பண்டா முனையில் 'லா பூஃபதோரா' என்று ஓர் இடம். அலை பாறை இடுக்கில் புகுந்து, உள்ளே அடைபட்ட காற்றோடு சேர்ந்து, 'ஹோ'வென்று வானத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது. பார்க்கிறவர்கள் நனையாமல் தப்ப முடியாது!

வழியெல்லாம் மனை விற்பனைப் பலகைகள், அதுவும் ஆங்கிலத்தில். நாத்தனார் கணவருக்கு ஆசை வந்துவிட்டது. "நாமும் ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்றார்.

"முதல்ல இந்த பூன்டா பண்டா கதையைக் கேளுங்க. அப்புறம் வாங்கலாம்" என்றாள் நாத்தனார்.

இங்குள்ள மணல்திட்டில் அமெரிக்கர்கள் பலர், முக்கால்வாசியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அது 'எஹீதோ' நிலம். அதாவது, கிராமத்து விவசாயிகளுக்கு அரசாங்கம் பொதுவில் கொடுத்தது. கொடுத்தது அரசாங்கமாச்சே, பயமென்ன என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் நிலம் எங்களுடையது என்று பழைய சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மெக்ஸிகோ உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2000 அக்டோபரில் குடியிருந்தவர்கள் சாமான்செட்டோடு வெளியேற வேண்டியதாயிற்று. ஆயுள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியுமா, சொல்லுங்கள்!

மெக்ஸிகோ சட்டம் என்ன சொல்கிறது? கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டார் நேரடியாக நிலம் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. வீடு வேண்டுமானால் வங்கி மூலமாகத்தான். பத்திரம் வங்கியின் பெயரில் இருக்கும்; குடியிருக்கவும், விற்கவும், வாரிசுக்கு விடவும் உரிமை நமக்கு. இந்த ஏற்பாட்டுக்கு 'ஃபிதேகோமீஸோ' என்று பெயர். 50 வருஷத்துக்கு எழுதுவார்கள், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். வங்கிக்கு வருஷாவருஷம் கட்டணம் உண்டு.

'எதுக்கு வீண் செலவு, உள்ளூர்க்காரர் பேரில் வாங்கிப் போட்டுடலாம்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். நம் ஊர் பினாமி கதைதான்! அவர் நாளைக்கு "வீடு என்னுது" என்றால் கையில் என்ன இருக்கிறது?

அங்கே வீடு வாங்க நினைக்கும் பிள்ளையோ பெண்ணோ உங்களுக்கு இருந்தால் இவற்றைச் சொல்லி வையுங்கள்:

* எஹீதோ நிலமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். முறைப்படி தனியார் சொத்தாக மாற்றாத வரை தொடவே கூடாது.

* வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். கிரயம் 'நோட்டாரியோ' முன்னால்தான் நடக்க வேண்டும். இவர் நம் ஊர் நோட்டரி போல வெறும் முத்திரை குத்துகிறவர் அல்ல. அரசு நியமிக்கும் அனுபவசாலி வக்கீல்.

* கடலை ஒட்டிய 20 மீட்டர் மண் அரசாங்கத்துடையது. விற்கிறவர் அதையும் சேர்த்து அளந்து காட்டினால் ஏமாறக் கூடாது.

* பத்திரம் ஸ்பானிஷ் மொழியில் இருக்கும். நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்துப் படித்த பிறகே கையெழுத்து.

* தமக்குப் பின் வீடு யாருக்கு என்பதை வங்கிப் பத்திரத்திலேயே எழுதி வைக்கலாம். அங்கே மனைவியின் பெயர் இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும், சகோதரிகளே!